பழைய இன்ஜினில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கிப் புதுப்பித்தவர், பானெட்டைத் திறந்து காட்டும்போது முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். உள்ளே இன்ஜின் புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னும். ஆறு மாதம் கழித்து அதே பானெட்டைத் திறக்கச் சொன்னால் சற்றுத் தயங்குவார். புகைக்குழாய் ஏறும் பக்கம் பெயிண்ட் கருகி உதிர்ந்திருக்கும். ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் கொப்புளம் கிளம்பியிருக்கும். கீழே, ஆயில் சம்ப்பை ஒட்டிய இடத்தில், வெயிலில் பட்ட தோல் போல உரிந்து தொங்கும். உடனே பழி பெயிண்ட் கம்பெனி மீதோ அடித்தவர் மீதோ விழும். பெரும்பாலும் இருவருமே நிரபராதிகள். டப்பாவைத் திறப்பதற்கு முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

அம்பாசடர் இன்ஜினையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். 1957-ல் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவிலிருந்து இந்தக் கார் வெளிவந்தபோது அதில் இருந்தது பழைய பாணி சைடு வால்வு இன்ஜின். 1959-ல் அந்த இடத்துக்கு பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் இன்ஜின் வந்தது. நான்கு சிலிண்டர்கள், துளையின் விட்டம் 73.025 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ. கணக்குப் போட்டால் 1489 சி.சி. இங்கிலாந்தில் இதே குடும்பம் 1798 சி.சி.யாக வளர்ந்து, 1962-ல் எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியது. நம்மூரில் மாப்பிள்ளை அழைப்புக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஓடிய இன்ஜினும், அங்கே கூரை திறந்த காரில் சீறிய இன்ஜினும் பங்காளிகள். இரண்டுக்கும் பிளாக் வார்ப்பிரும்பு. நம் கதை அந்த இரும்பில்தான் தொடங்குகிறது.

தோசைக்கல்லின் பாடம்

வார்ப்பிரும்பு என்பது இரும்பு மட்டுமல்ல. இன்ஜின் பிளாக் வார்க்கும் சாம்பல் நிற வார்ப்பிரும்பில் எடைக்கு 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் உண்டு. 1 முதல் 3 சதவீதம் சிலிக்கான். உருகிய உலோகம் மெல்ல ஆறும்போது கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட்டாகப் பிரிந்து, மெல்லிய செதில்களாக உள்ளே படிகிறது. கிராஃபைட் இரும்பைவிட மூன்று மடங்குக்கு மேல் லேசானது. அதனால் எடையில் சொற்பமாகத் தெரிவது கன அளவில் பத்தில் ஒரு பங்கை நெருங்கிவிடும். உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறம் தெரிவதற்கும் இந்தச் செதில்கள்தான் காரணம்.

செதில்களால் நன்மை உண்டு. அதிர்வை விழுங்கிக்கொள்ளும், லேத்தில் எளிதாகக் கடைய விடும். ஆனால் பெயிண்டுக்கு அவை தொல்லை. மேற்பரப்பில் வாய் திறந்து நிற்கும் செதில்களின் ஓரங்களும், மணல் அச்சு விட்டுப்போன கரடுமுரடுகளும் எண்ணெய்க்கு வீடாகிவிடுகின்றன. நாற்பது ஐம்பது வருடம் ஓடிய இன்ஜினில் எண்ணெய் வெறுமனே ஈரமாக இருக்காது. சூட்டில் காய்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, பழுப்பு அரக்காக இறுகியிருக்கும்.

நம் வீட்டுத் தோசைக்கல்லும் வார்ப்பிரும்புதான். புதுக் கல்லில் எண்ணெய் தடவித் தடவிச் சூடேற்றிப் பழக்குகிறோம். எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, கடினமான கரும்படலமாக மாறுகின்றன. அதன் மேல் மாவு பிடிக்காது. தோசை வழுக்கிக்கொண்டு வரும். பழைய இன்ஜின் என்பது அரை நூற்றாண்டாகப் பழக்கிய தோசைக்கல். தோசைக்கு வரமானது பெயிண்டுக்குச் சாபம்.

கழுவுதலில் ஒரு வரிசை

முழு இன்ஜினையும் இறக்கி, பிரித்து, வெறும் பிளாக்காக வைத்துக்கொண்டால்தான் முறையாகக் கழுவ முடியும். முதல் வேலை சுரண்டல். கெட்டிப்பட்ட சகதியையும் கிரீஸையும் மரக் கரண்டியோ பிளாஸ்டிக் பட்டையோ கொண்டு எடுக்கலாம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அக்காலத்துக் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது வழக்கம். உலர்ந்த தூள் நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. நனைத்துவிட்டுச் சுரண்ட வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் உலரத் தேய்க்கக் கூடாது.

அடுத்து மண்ணெண்ணெய் அல்லது டீசல். பல பட்டறைகளில் கழுவல் இத்தோடு முடிந்துவிடுகிறது. கோளாறும் இங்கேயே பிறக்கிறது. மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், உண்மை. ஆனால் காயும்போது தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அது முதல் கழுவலுக்கு உரியது; கடைசிக் கழுவலுக்கு ஆகாது.

அதற்குப் பிறகு வருவது காரம். சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் பிளாக்கை முக்கி வைத்தால் பழைய எனாமல் பெயிண்டின் பசை சிதைந்து சோப்பாக மாறிக் கழன்றுவிடும், பிசுக்கும் விட்டுப்போகும். இரும்பை இந்தக் காரம் ஒன்றும் செய்யாது. அலுமினியத்தை விடாது: ஹைட்ரஜன் வாயு குமிழ்விட உலோகத்தையே கரைத்துக் குடித்துவிடும். அம்பாசடரின் இந்த இன்ஜினில் ஹெட்டும் இரும்பு என்பதால் அதையும் சேர்த்தே முக்கலாம். பத்மினி வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துப் பின்பற்றிவிடக் கூடாது. அந்த ஃபியட் இன்ஜினின் ஹெட் அலுமினியம். காஸ்டிக் சோடா கையையும் கண்ணையும்கூட விட்டுவைக்காது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டியின் பக்கம் போகக் கூடாது.

பிளாக்கின் பக்கவாட்டில் வட்ட வட்டமாகக் கிண்ணம் கவிழ்த்தாற்போல் சில தகட்டு மூடிகள் இருக்கும். கோர் பிளக் என்பார்கள். குளிர் நாடுகளில் உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்தால் பிளாக் வெடிக்காமல் காப்பதற்காக வைத்தது என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் அவை வார்ப்பின் போது தண்ணீர் ஓடும் அறைகளை உண்டாக்க உள்ளே வைத்த மணல் கருவைத் தாங்கவும், பிறகு அந்த மணலை வெளியே எடுக்கவும் விட்ட துளைகள். கழுவும்போது இவற்றைக் கழற்றிவிட்டால் உள்ளே படிந்த துருச் சேறும் வெளியே வரும். பெயிண்டுக்குப் பிறகு கழற்றினால் செய்த வேலை பாழ்.

மணலை வீசித் தேய்க்கும் முறை வேகமானது. ஆனால் இன்ஜின் பிளாக்குக்கு ஆபத்தானது. ஓடும் பேரிங்கில் உலோகத்தையும் உலோகத்தையும் பிரித்து நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் கனம்தான். ஒரு மணல் துகள் அதைப் போலப் பல மடங்கு. ஆயில் ஓடும் துளையில் ஒளிந்துகொண்ட பத்துத் துகள்கள் போதும், புது பேரிங்கைக் கீறிப் போட. வெளிப்பக்கத்துக்குக் கம்பி பிரஷும் பொறுமையும் போதும். வீசியே ஆக வேண்டுமென்றால், தண்ணீரில் கரைந்து போகும் சோடா உப்புத் தூளை வீசும் முறை இருக்கிறது. எப்படியானாலும் ஆயில் துளைகளை நீளமான பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, காற்றழுத்தத்தால் ஊதியாக வேண்டும்.

ஒரு குவளைத் தண்ணீர்ச் சோதனை

சுத்தமாகிவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. தண்ணீர் சொல்லும். கழுவிய பிளாக்கின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் அறுபடாத திரையாக வழிந்தால் இரும்பு சுத்தம். அங்கங்கே பிரிந்து முத்து முத்தாக நின்றால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாத அதே காட்சி.

திரவம் ஒன்று திடப்பொருளின் மேல் பரவ வேண்டுமென்றால், அந்தத் திடப்பொருளின் மேற்பரப்பு அதைத் தன்பால் இழுக்க வேண்டும். இந்த இழுப்பை மேற்பரப்பு ஆற்றல் என்கிறார்கள். சுத்தமான உலோகத்துக்கு அது மிக அதிகம். எண்ணெய்ப் படலத்துக்கு மிகக் குறைவு. தண்ணீரின் பரப்பு இழுவிசை எண்ணெயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே எண்ணெய் மேல் விழுந்த தண்ணீர் பரவாமல் தன்னைத்தானே சுருட்டிக்கொள்கிறது. பெயிண்ட் தண்ணீரைப் போல வெளிப்படையாக மறுக்காது. எண்ணெய் மேலும் பரவுவதுபோல் நடிக்கும். காய்ந்த பிறகு கைவிரிக்கும். தண்ணீர் உடனே உண்மையைச் சொல்லிவிடுவதால்தான் அதைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

எண்ணெய்களில் மிக மோசமானது சிலிக்கோன் எண்ணெய். டாஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் ஆகியவற்றில் இது உண்டு. கையில் ஒட்டியிருந்த சொட்டு போதும். பெயிண்ட் அந்த இடத்தைச் சுற்றி விலகி வட்டமாகக் குழி விழும். பெயிண்டர்கள் மீன்கண் என்று சொல்வது இதைத்தான். பிளாக்கைச் சுத்தம் செய்த பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. விரல் ரேகையும் எண்ணெய்தான்.

துருவோடு ஓட்டப்பந்தயம்

எண்ணெய் போன இரும்பு பாதுகாப்பு இழந்த இரும்பு. கழுவி முடித்த பிளாக்கை ஈரத்தோடு விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால், மஞ்சளும் செம்மையுமாக ஒரு பூச்சு படிந்திருக்கும். கடலோர ஊர்களில் இன்னும் வேகம். இரும்பு ஓரிடத்தில் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது; வேறோர் இடத்தில் தண்ணீரும் ஆக்சிஜனும் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இடையில் ஈரம் கம்பியாக வேலை செய்கிறது. சின்னஞ்சிறு பேட்டரிகள் ஆயிரக்கணக்கில் ஓடுவதற்குச் சமம். வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில்கள் அந்தப் பேட்டரிகளின் ஒரு முனையாகி வேலையை எளிதாக்குகின்றன. உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயிண்டுக்கு அடியில் துரு பிடித்தால் பெயிண்ட் எழும்பிக் கொப்புளமாவது அதனால்தான்.

தப்பிக்க இரண்டு வழி. கடைசியாக அலசும் தண்ணீர் கொதிநீராக இருந்தால் இரும்பு சூடேறி, ஈரம் சில நிமிடங்களில் ஆவியாகிவிடும். கூடவே கம்ப்ரசர் காற்றால் மூலைமுடுக்கை ஊத வேண்டும். இரண்டாவது வழி பாஸ்பாரிக் அமிலம். இது துருவைக் கரைப்பதோடு, இரும்பின் மேல் இரும்புப் பாஸ்பேட் என்ற மெல்லிய படலத்தையும் உண்டாக்கும். மங்கிய சாம்பல் நிறத்தில் தெரியும் அந்தப் படலத்தைப் பெயிண்ட் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சிய அமிலத்தை அலசாமல் விட்டால் அதுவே பிறகு கொப்புளத்துக்குக் காரணமாகும்.

கழிப்பறை கழுவ வாங்கி வைத்திருக்கும் ஆசிட்டும் துருவை எடுக்கும்தானே என்று சிலர் அதை ஊற்றுவார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு பறக்கும், வாஸ்தவம். ஆனால் குளோரைடு உப்பு இரும்பின் நுண்துளைகளில் தங்கிவிடும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியில் துருவை மறுபடி விதைக்கும். கடற்கரையோரம் நிற்கும் காரின் கதி அந்த இன்ஜினுக்கு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

எங்கே அடிக்கக் கூடாது

பெயிண்ட் படக்கூடாத இடங்களின் பட்டியல், பட வேண்டிய இடத்தைவிடப் பெரியது. ஹெட் உட்காரும் மேல்தளம், சம்ப் சேரும் விளிம்பு, தண்ணீர் பம்ப் முகம், சிலிண்டர் உட்சுவர், திருகு மரைகள் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். கடைந்த தளங்களின் துல்லியம் மைக்ரான் கணக்கில் உள்ளது. ஒரு கோட்டிங் பெயிண்டே இருபது முப்பது மைக்ரான் ஏறிவிடும். கேஸ்கெட்டுக்கு அடியில் பெயிண்ட் சிக்கினால் சூட்டில் அது இளகி, இறுக்கம் தளர்ந்து, கசிவு தொடங்கும். மரைத் துளைகளில் பழைய போல்ட்டுகளைத் திருகி வைத்தால் போதும்; சமதளங்களுக்கு மாஸ்கிங் டேப்.

பலர் மறக்கும் இடம் ஒன்று உண்டு: பேட்டரியின் எர்த் பட்டை வந்து சேரும் போல்ட்டின் அடி. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது நூறு ஆம்பியருக்கும் மேல் இந்த வழியாகத் திரும்புகிறது. பெயிண்ட் மின்சாரம் கடத்தாது. பளபளக்கும் புது இன்ஜின் காலையில் முனகிவிட்டு நின்றுபோனால், பேட்டரியை மாற்றும் முன் அந்த போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்.

எந்தப் பெயிண்ட்?

பெயிண்ட் என்பது மூன்று பொருள்களின் கூட்டு: நிறம் தரும் தூள், அதைப் பிடித்து வைக்கும் பசை, இரண்டையும் ஓட வைக்கும் கரைப்பான். ஆயுளைத் தீர்மானிப்பது பசை. சாதாரண எனாமலின் பசையான அல்கைடு, தோசைக்கல் எண்ணெயைப் போலவே காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. ரேடியேட்டர் தண்ணீர் 80 முதல் 95 டிகிரி செல்சியசில் ஓடுகிறது. பிளாக்கின் வெளிச்சுவரும் அதை ஒட்டியே நிற்கும். இந்தச் சூட்டை நல்ல இன்ஜின் எனாமல் தாங்கிவிடும். புகைக்குழாய் கிளம்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கதை வேறு. அங்கே பல நூறு டிகிரி. கார்பன் சங்கிலியால் ஆன எந்தப் பசையும் அங்கே கருகிப் போகும்.

அந்த இடத்துக்குச் சிலிக்கோன் ரெசின் பெயிண்ட் வேண்டும். இதன் முதுகெலும்பில் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி நிற்கின்றன. கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் தேவை. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புக்குச் சுமார் 450. மணலும் கண்ணாடியும் நெருப்புக்கு அஞ்சாததும் இதே பிணைப்பால்தான். சற்றுமுன் மீன்கண் விழவைத்த குற்றவாளியின் உறவினர் இங்கே காவலராக நிற்கிறார். எண்ணெயாக இருந்தால் எதிரி, இறுகிய ரெசினாக இருந்தால் நண்பன். இந்த வகைப் பெயிண்டுகள் சூடேற்றினால்தான் முழுதாக இறுகும். அதிக வெப்பம் தாங்குபவை பெரும்பாலும் வெள்ளி நிறத்திலும் கறுப்பிலும் மட்டுமே கிடைப்பதற்குக் காரணம், பளிச்சென்ற கரிம நிறத்தூள்கள் அந்தச் சூட்டில் தாமே எரிந்துவிடுவதுதான்.

அடிக்கும்போது மெல்லிசாகப் பல முறை அடிப்பது நல்லது. அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் சுமார் 0.3 மி.மீ. நீளும். பெயிண்ட் பசை தன்னிச்சையாக விடப்பட்டால் அதைவிடப் பல மடங்கு நீள விரும்பும். மெல்லிய படலம் இரும்பின் இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். தடித்த படலம் வீம்பு பிடித்து விரிசல் விடும். தடித்து அடித்தால் மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் கரைப்பானும் சிறைப்பட்டுவிடும். முதல் முறை இன்ஜின் சூடேறும்போது அது ஆவியாகிக் குமிழி விடும். ஒரு தலைமுடியின் கனம் அளவுக்கு மொத்தப் படலம் இருந்தால் தாராளம்.

கறுப்பு அடித்தால் சூடாகுமா?

இன்ஜினுக்குக் கறுப்பு அடித்தால் சூடு அதிகமாகும் என்பார் ஒருவர். கறுப்புதான் சூட்டைக் கக்கும் என்பார் இன்னொருவர். இருவருக்கும் கணக்கு ஒரே பதிலைத் தருகிறது. 100 டிகிரியில் இருக்கும் பொருள் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வீசுவதில்லை. அகச்சிவப்புக் கதிரையே வீசுகிறது. அந்தக் கதிருக்குச் சிவப்பு, பச்சை, கறுப்பு எனாமல் எல்லாமே ஏறத்தாழ ஒன்றுதான். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பெயிண்ட் மட்டும் சற்றுக் குறைவாக வீசும். அந்த வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் பெயிண்ட் பரப்பு சுற்றுப்புறத்துக்கு வீசுவது அரைக் கிலோவாட்டை ஒட்டி நிற்கும். முழு மூச்சில் ஓடும் இன்ஜினில் எரிபொருள் தரும் வெப்பமோ நூறு கிலோவாட்டைத் தாண்டும். அதில் பெரும்பங்கை ரேடியேட்டரும் புகைக்குழாயும் எடுத்துக்கொண்டு போகின்றன. நிறம் மாற்றி இன்ஜினைக் குளிர்விக்க நினைப்பது ஆற்று வெள்ளத்தை அகப்பையால் இறைப்பதற்குச் சமம்.

நிறத்துக்கு வேறு வேலை உண்டு. அமெரிக்காவில் 1955-ல் வந்த செவர்லே வி-8 இன்ஜினின் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தே ரசிகர்கள் குடும்பத்தைச் சொல்லிவிடுவார்கள். ஃபோர்டு 1966-லிருந்து தன் இன்ஜின்களுக்கு நீலத்தை வரித்துக்கொண்டது. எம்.ஜி.பி.யின் தொடக்க கால இன்ஜின்கள் அரக்குச் சிவப்பு. நிறம் ஒரு குலச்சின்னம். வெளிர் நிறமாக இருந்தால் இன்னொரு லாபம்: எங்கே கசிகிறது என்பது முதல் சொட்டிலேயே தெரிந்துவிடும்.

அடித்து முடித்தவுடன் ஓட்டக் கிளம்ப வேண்டாம். டப்பாவில் சொன்ன நேரம் வரை காய விடுங்கள். பிறகு இன்ஜினை மெல்லச் சூடேற்றி, நிறுத்தி, முழுதாக ஆறவிட்டு, மீண்டும் சூடேற்றுங்கள். மிஞ்சிய கரைப்பான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிப் படலம் இறுகும். முதல் நாள் லேசாக வாடை வந்தால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டாக இருந்தால் மட்டும் துணி முகமூடி உதவாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை வரவழைக்கும். அதை வெளிக்காற்று தரும் முகமூடியோடு வேலை செய்யும் பெயிண்டரிடம் விடுவதே சரி.

பெயிண்ட் அடிக்க அரை மணி நேரம் போதும். அதற்கு முந்தைய வேலைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த நாள்களைச் சுருக்கியவர்களின் இன்ஜின்தான் ஆறு மாதத்தில் உரிகிறது. எனவே டப்பாவைத் திறக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரை பிளாக்கின் மேல் ஊற்றிப் பாருங்கள். திரையாக வழிந்தால் உடனே துடைத்து உலர்த்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முத்தாக நின்றால் டப்பாவை மூடி வைத்துவிட்டு, மறுபடி கழுவுங்கள்.